நம் கைகளே செய்த விசுப்பலகை

தவக்காலம் முடிந்து திருமணங்கள் தொடங்கியதும் நம் ஊர்த் தெருக்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மணவீட்டின் முன் சிறு லாரி ஒன்று வந்து நிற்கும். கட்டில், பீரோ, கண்ணாடி மேசை, சோபா என ஒவ்வொன்றாக இறக்குவார்கள். அண்டை வீட்டார் வாசலில் நின்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் அன்று மாலையே பேச்சு எழும். அவற்றுள் எத்தனை தவணைக் கடனில் வந்தவை, எத்தனை பெண்ணைப் பெற்றவர் வட்டிக்கு வாங்கிய பணத்தில் வந்தவை என்பதை மட்டும் எவரும் எண்ணுவதில்லை.

வீடு மந்திரிக்கச் செல்லும்போது அதே பொருள்களைச் சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் காண்கிறோம். சோபாவின் மேல் துவைத்த துணிகள் குவிந்திருக்கும். தரையில் பாய் விரித்து எல்லாரும் ஒன்றாய் உண்ட வழக்கம் மிக நல்ல வழக்கமே. ஆனால் முழங்கால் வலியுள்ள பாட்டியால் இன்று தரையில் அமர இயலாது. அவர் சமையலறை மூலையில் நாற்காலி போட்டுத் தனியே உண்கிறார். மகன் தொலைக்காட்சியின் முன் உண்கிறான். பேரன் கைபேசியோடு கட்டிலில் உண்கிறான். வீடு நிறையப் பொருள்கள் உண்டு. குடும்பம் ஒருசேர அமர்வதற்கு மட்டும் இடமில்லை.

இந்நிலைக்கு நாம் கூறவரும் மருந்து சிறியது. குடும்பத்தார் கூடித் தம் கைகளால் ஒரு மரச்சாமானைச் செய்யட்டும். முதலில் ஒரு விசுப்பலகை; அது நன்றாக அமைந்தால் பின்னர் ஒரு மேசை. கடனின்றி வரும் பொருள் என்பது மட்டுமன்று இதன் பயன். கூடிச் செய்த குடும்பம், செய்த பொருளில் கூடி அமரவும் செய்யும்.

வாங்கும் பொருளின் ஆயுள்

கடைகளில் இன்று மலிவாகக் கிடைக்கும் சாமான்களுள் பல முழு மரத்தால் ஆனவை அல்ல. மரத்தூளையும் சிறு சீவல்களையும் பசையோடு கலந்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்கி, அதன்மேல் மரவரி அச்சிட்ட தாளை ஒட்டியிருப்பார்கள். பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் தினந்தோறும் தரையைத் தண்ணீர்விட்டுத் துடைக்கும் நம் வீடுகளில் அதன் கால்கள் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடுகின்றன. ஒருமுறை பிய்ந்துபோன திருகாணி மறுபடியும் அவ்விடத்தில் இறுகப் பிடிப்பதில்லை. முழு மரமாயின், உடைந்த காலை மாற்றலாம். தேய்ந்த மேற்பரப்பை இழைத்துப் புதிதாக்கலாம். தூள்பலகையோ ஊதியபின் குப்பைக்கே போகும். தவணை முடியுமுன் பொருள் முடிந்துபோன வீடுகளும் உண்டு.

எந்த மரம்?

மரச்சாமான் என்றதும் தேக்கையே நினைக்கிறோம். தேக்கு சிறந்த மரம் என்பதில் ஐயமில்லை. அதன் எண்ணெய்ப் பசையால் கரையான் எளிதில் அணுகாது. மழைக்கும் வெயிலுக்கும் அது அதிகம் கோணாது. ஆயினும் அதன் விலை ஏழைக்கு எட்டாது. நம் கொல்லையிலேயே வளரும் மரங்களை நாம் மதிப்பதில்லை. வேம்பின் வைரத்தில் உள்ள கசப்பு பூச்சிகளை விலக்கும். அதன் இழை பின்னிக் கிடப்பதால் இழைப்பதற்குச் சற்றே பொறுமை வேண்டும். பூவரசு உறுதியானது, அதன் செங்கபில நிற வைரம் நன்றாக மெருகேறும். பலாமரம் அறுத்தபோது மஞ்சளாயிருந்து ஆண்டுகள் செல்லச்செல்லப் பழுப்பாகும். தஞ்சாவூர் வீணை செய்வதும் இம்மரத்திலேதான். மாமரம் மலிவானது, எளிதில் இழைபடுவது. ஆனால் வண்டு துளைக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் 25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்தபின் வெட்டப்படும் ரப்பர் மரமும் அத்தகையதே. அதில் மாவுச்சத்து மிகுதியாதலால் பூஞ்சையும் வண்டும் விரைந்து பற்றும். இவ்விரண்டையும் வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பதப்படுத்திய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயலில் பண்ருட்டிப் பகுதியின் பலாமரங்கள் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை, நாகை மாவட்டங்களின் தோப்புகளைச் சாய்த்தது. அம்மரங்களுள் எத்தனையோ விறகாகவே முடிந்தன. நாமறிந்த குடும்பம் ஒன்று கொல்லையில் விழுந்த பலாமரத்தை விறகுக்குக் கொடுக்க மறுத்தது. பலகைகளாக அறுத்து, பின்புறத் தாழ்வாரத்தில் இரண்டாண்டுகள் காயவைத்தார்கள். பின்னர் முதிய தச்சர் ஒருவரின் துணையோடு சில சனிக்கிழமைகளில் ஒரு மேசையும் இரண்டு விசுப்பலகைகளும் செய்துகொண்டார்கள். அவ்வீட்டில் பாட்டி இன்று தனியே உண்பதில்லை.

காயாத மரம் கோணும்

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பெரும்பங்கு நீரே. அந்நீர் வெளியேறும்போது மரம் சுருங்குகிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை என்பதே அறிய வேண்டிய முதற்பாடம். நீளவாக்கில் சுருக்கம் மிகச் சொற்பம். அகலத்தில்தான் அதிகம், அதிலும் வளையங்களின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பலகை வளைவதும் வெடிப்பதும் இந்த வேறுபாட்டினாலேயே.

ஆகவே அறுத்த பலகைகளைத் தரையில் படாமல் கட்டைகள்மேல் அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து, வெயில் நேரே விழாத, காற்று உலவும் நிழலில் விட வேண்டும். முனைகள் விரைந்து காய்ந்து வெடிக்கும். அவற்றில் பெயின்ட் பூசிவிட்டால் வெடிப்பு குறையும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. நம் வெப்பத்தில் அதற்கு முன்னரும் காயக்கூடும். காய்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. சிறு துண்டு ஒன்றை வாரந்தோறும் தராசில் நிறுத்துக் குறித்து வாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது. இந்த வேலையைப் பள்ளிப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம்.

அளவும் பொருத்தும்

ஒருவர் நெருக்கமின்றி அமர இரண்டடி அகலம் வேண்டும். எனவே மூவருக்கு ஆறடி நீளம். அமரும் உயரம் ஒன்றரை அடி. மேசையாயின் இரண்டரை அடி. மேற்பலகை ஓரடி அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் இருக்கட்டும். கால்கள் நான்கும் மூன்று அங்குலச் சதுரம். கால்களை இரு முனைகளிலிருந்தும் அரையடி உள்ளே தள்ளி அமைக்க வேண்டும். கால்களை மேலே இணைக்கும் சட்டங்கள் மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உடையவை. கீழேயும் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்தால் ஆட்டம் இராது. கணக்கிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 1½ கன அடி மரம் ஆகும். கழிவையும் சேர்த்து 2 கன அடி போதும்.

ஆணி மட்டும் அடித்த பலகை சில ஆண்டுகளில் ஆடத் தொடங்கும். காலில் துளையிட்டு, சட்டத்தின் முனையை நாக்குப்போல் செதுக்கி, அத்துளையில் செருகுவதே காலங்கடந்து நிற்கும் பொருத்து. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும். அது கையால் தட்டிச் செருகும் அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். சம்மட்டி தேவைப்பட்டால் கால் பிளந்துவிடும். பசை தடவிப் பொருத்தியபின் கயிற்றால் சுற்றிக் கட்டி, இடையே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் இறுக்கும் கருவி வாங்க வேண்டியதில்லை. உடனே மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். குறுக்களவுகள் இரண்டும் ஒன்றானால் சட்டம் நேராயிருக்கிறது. பின் ஒரு நாள் முழுதும் அதைத் தொடலாகாது.

மேற்பலகையைப் பொருத்தும்போது மரத்தின் சுருக்கத்தை மறவாதீர்கள். சட்டத்தில் திருகாணி செல்லும் துளையைப் பலகையின் அகலவாக்கில் சற்றே நீளமாக இட்டால், மழைக்கால விரிவும் கோடைச் சுருக்கமும் பலகையை வெடிக்கச் செய்யா.

கைவாள், இழைப்புளி, இரண்டு உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், துளையிடும் கருவி, உப்புத்தாள் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கலாம். உளி பிடிக்கும்போது இரு கைகளும் அதன் கூர்முனைக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். மின்வாளைப் பிள்ளைகள் தொடலாகாது. இறுதியில் ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். விரித்து வெளியில் உலர்த்துங்கள்.

தச்சரின் பிழைப்பு?

"எல்லாரும் தாமே செய்துகொண்டால் தச்சர் எங்கே போவார்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தச்சரின் வேலையைக் குறைத்தவை ஆலையில் அழுத்திச் செய்த பலகைகளே அன்றி, வீட்டார் செய்யும் ஒரு விசுப்பலகை அன்று. நாம் சொல்வது அவரை விலக்கும் வழியும் அன்று. அவரை ஆசிரியராக வீட்டுக்கு அழைக்கும் வழி. துளையிடுவதையும் நாக்கு செதுக்குவதையும் அவர் செய்து காட்டட்டும். அந்நாளுக்கு உரிய முழுக் கூலியைப் பெறட்டும். ஒரு பலகையின் விளிம்பை நேராக இழைக்க அரைநாள் போராடியவர், அதன்பின் தச்சரின் கூலியில் பேரம் பேசமாட்டார். அவர் மகனும் தந்தையின் தொழிலைச் சொல்ல வெட்கப்படமாட்டான்.

கை கற்கும் கல்வி

பின்லாந்து நாட்டின் பொதுப்பள்ளிகளுக்கு வழிவகுத்த உனோ சிக்னேயஸ் ஒரு போதகர். அவரது திட்டப்படி 1866-ஆம் ஆண்டில் கைவேலை அந்நாட்டுப் பள்ளிப் பாடங்களுள் இடம்பெற்றது. தச்சர்களை உருவாக்குவது அவரது நோக்கமன்று. வீட்டுக்குப் பயன்படும் பொருளைச் செய்வதன் வழியே கவனமும் ஒழுங்கும் வளர வேண்டும் என்பதே. நம் நாட்டில் 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் தச்சுவேலைக்கு இடமிருந்தது. தேர்வுத்தாளில் தவறான விடை எழுதிய மாணவன் மதிப்பெண்ணை மட்டும் இழக்கிறான். தவறாக அளந்து அறுத்த கட்டையோ கண்முன் குட்டையாக நிற்கும். அங்கே சாக்குச் சொல்ல இடமில்லை. அளந்தபின் மறுபடியும் அளக்கும் பழக்கம் அவனுக்கு அங்கேதான் வருகிறது.

இத்தாலி நாட்டு வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974-ஆம் ஆண்டில், சாதாரணப் பலகையும் ஆணியும் கொண்டு எவரும் செய்யத்தக்க மேசை, நாற்காலி, கட்டில் முதலியவற்றின் வரைபடங்களை வெளியிட்டார். அஞ்சற்செலவை அனுப்பியவர்களுக்கு அவற்றை இலவசமாகக் கொடுத்தார். தம் கையால் ஒன்றைச் செய்து பார்த்தவர், கடையில் காணும் பொருளின் தரத்தைத் தாமே எடைபோட அறிவார் என்பது அவரது எண்ணம். விளம்பரம் எவ்வளவு உரத்துக் கூவினாலும் அத்தகையவர் பலகையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்த பின்னரே விலை கேட்பார்.

நாசரேத்துப் பட்டறை

மாற்கு நற்செய்தி நம் ஆண்டவரைத் தச்சர் என்றும், மத்தேயு நற்செய்தி தச்சர் மகன் என்றும் மக்கள் குறிப்பிட்டதாகக் கூறுகின்றன. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித ஜஸ்தின், ஆண்டவர் கலப்பைகளும் நுகத்தடிகளும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். அவை அரண்மனை அலங்காரங்கள் அல்ல. உழவன் வீட்டுப் பொருள்கள். 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் திருத்தந்தை மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். 1981-இல் இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தை மனித உழைப்பைப் பற்றி விடுத்த சுற்றுமடலின் சாரமும் இதுவே: உழைப்பின் மதிப்பு செய்யப்படும் பொருளில் மட்டுமன்று, செய்கின்ற மனிதனில் இருக்கிறது.

மணமகளைப் பெற்ற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடன்பட்டு அனுப்பும் கட்டிலால் உங்கள் மகளின் மதிப்பு உயர்வதில்லை. மணமகனின் பெற்றோருக்கு மற்றொரு வார்த்தை. லாரியில் என்ன வருகிறது என்று வாசலில் நிற்பதினும், புதுமணத் தம்பதியர் அமர்ந்து உண்ண ஒரு மேசையை உங்கள் மகனோடு சேர்ந்து செய்துவையுங்கள், அதுவே வரவேற்பு.

வரும் கோடை விடுமுறையில் தொடங்குங்கள். தந்தை அறுக்கட்டும், தாய் அளவு சொல்லட்டும், மகளும் மகனும் உப்புத்தாள் தேய்க்கட்டும், பாட்டனார் குறை சொல்லிக்கொண்டு அருகில் அமர்ந்திருக்கட்டும். முதற்பலகை சற்றே கோணலாக இருந்தாலும் கவலையில்லை. காலின் அடியில் சிறு ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம். முடிந்தபின் பலகையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் ஆண்டையும் செய்தவர் அனைவரின் பெயரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். என்றோ ஒருநாள் வீட்டைப் புதுப்பிக்கும்போது உங்கள் பேரப்பிள்ளைகள் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள்.