இலவசமாக இறங்கும் விளையாட்டும் கணக்கில்லாமல் போகும் பணமும்

மட்டாஞ்சேரியில் சாயங்காலம் ஆகிவிட்டால், பூட்டிய மசாலாக் கிடங்குகளின் படிகளில் பையன்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே சுக்கும் மிளகும் மணக்கும்; வெளியே நாலு பையன்கள், நாலு போன்கள், பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சத்தம். அவர்களில் சிலர், ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுத்து இஸ்திரி போடும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள். கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"ஸ்மூத்ல போடுடா. ஹெச்.டி. வச்சா உன் போன் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்கும்."

"சைஸ்தான்டா பிரச்சினை. அம்மாவோட போட்டோ எல்லாம் அழிச்சுட்டுத்தான் மேப் இறக்குனேன்."

"அதெல்லாம் விடு. கன் ஸ்கின் இல்லாம நீ என்னத்த ஆடுற?"

பெரியவர்களுக்கு இது வெறும் பிள்ளைப் பேச்சு. ஆனால் படம் எவ்வளவு துல்லியம், ஃபைல் எவ்வளவு பெரியது, காசு கட்டாமல் ஆட முடியுமா என்ற இந்த மூன்று சண்டைக்குள்ளும் வீட்டுப் பணம் வெளியே போகும் வழி இருக்கிறது. போன பணத்தைக் கேட்டு வாங்கச் சட்டத்தில் வழி இருப்பதும் பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

முதலில் சைஸ். கடைப் பக்கத்தில் காட்டும் அளவு ஒன்று. விளையாட்டைத் திறந்த பிறகு வரைபடம், உயர்தரப் படம், குரல் என்று தனித்தனியாக இறங்கும் அளவு வேறு. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டா போட்டிருக்கும் வீட்டில், ஒரு அப்டேட் வந்தால் அன்றைய டேட்டா தீர்ந்தது. சின்ன போன் வைத்திருப்பவர்கள் ஒரு காலத்தில் பப்ஜி மொபைல் லைட், ஃப்ரீ ஃபயர் ஆகியவற்றை ஆடினார்கள். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியோடு லைட்டும் போனது. 2022 பிப்ரவரியில் 54 செயலிகளைத் தடை செய்தபோது ஃப்ரீ ஃபயரும் போனது. படத்தரம் கூடிய, இடமும் அதிகம் கேட்கும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும் தப்பியது. இரண்டு ஜி.பி. ராம் போன் வைத்திருக்கும் பையன் என்ன செய்வான்? "லைட் ஏ.பி.கே." என்று தேடுவான். பிளே ஸ்டோரில் இல்லாததை யாரோ அனுப்பிய லிங்கில் இறக்குவான்.

ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. அப்படி இறக்கிய செயலி, நிறுவும்போது எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். அக்சஸிபிலிட்டி அனுமதியும் கேட்கும். துப்பாக்கி விளையாட்டுக்கு உங்கள் எஸ்.எம்.எஸ். எதற்கு? அதே போனில்தான் வங்கி ஓ.டி.பி. வருகிறது, ஜிபேயும் இருக்கிறது. எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்க முடிந்த செயலி ஓ.டி.பி.யையும் படிக்கும். அக்சஸிபிலிட்டி கிடைத்த செயலி திரையில் இருப்பதைப் பார்க்கும், உங்கள் சார்பில் பொத்தானையும் அமுக்கும். 'பழைய போனிலும் 90 எஃப்.பி.எஸ். வரும்' என்று ஆசை காட்டும் ஜி.எஃப்.எக்ஸ். டூல், கான்ஃபிக் ஃபைல் வகையறாக்களும் இதே ரகம்தான். அவற்றால் விளையாட்டுக் கணக்கே முடக்கப்படலாம். போன் தாங்காவிட்டால் படத்தரத்தை ஸ்மூத்துக்கு இறக்குங்கள், நிழலை அணைத்துவிடுங்கள். அதற்குக் காசும் வேண்டாம், ஆபத்தும் இல்லை.

அடுத்தது காசு. இறக்குவது இலவசம், ஆடுவதும் இலவசம். விற்பனைக்கு இருப்பவை துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் ஸ்கின், வீரனின் உடுப்பு, பாஸ், சுழற்றும் சக்கரம். இந்தக் கடையில் ரூபாய் செல்லாது. ரூபாயைக் கொடுத்து, பப்ஜியின் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ.யில் யூ.சி. வாங்க வேண்டும், ஃப்ரீ ஃபயரில் டைமண்ட் வாங்க வேண்டும். கையில் இருப்பது பணம் என்ற நினைவு அங்கேயே மங்கிவிடுகிறது. பெரிய மனிதர்களுக்கே மங்கும். பன்னிரண்டு வயதுப் பையனை என்ன சொல்ல? பிடித்த ஸ்கின்னுக்குப் பத்து டைமண்ட் குறையும். பத்து மட்டும் வாங்க முடியாது, ஒரு பொட்டலமாகத்தான் வாங்க வேண்டும். மீதி கிடக்கும். அந்த மீதியைச் செலவழிக்க இன்னொரு சுழற்று. மேலே ஒரு கடிகாரம் 'இன்னும் இரண்டு மணி நேரம்' என்று ஓடும்.

2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. இந்தியாவில் அறிமுகமானபோது, 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம், நாளுக்கு 7,000 ரூபாய் என்று வரம்பு அறிவித்தார்கள். குழந்தைக்கான பாதுகாப்பாக அறிவித்த தொகை இது. முப்பது நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள்: இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். இஸ்திரி போட்டுப் பிழைக்கும் வீட்டில் அதை வரம்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறந்த வருடத்தைக் கூட்டிப் போட்டுவிட்டால் அந்த வரம்பும் இல்லை.

மட்டாஞ்சேரியிலிருந்து தூரமில்லை ஆலுவா. 2021இல் அங்கே ஒரு தாய், தன் வங்கிக் கணக்கிலிருந்து சுமார் மூன்று லட்சம் ரூபாய் காணாமல் போனதாக எர்ணாகுளம் ஊரகக் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். திருடனைத் தேடிய போலீஸ், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகனிடமே வந்து நின்றது. ஃப்ரீ ஃபயருக்கு நாற்பது ரூபாயிலிருந்து நாலாயிரம் ரூபாய் வரை சிறிது சிறிதாகக் கட்டியிருந்தான். ஊரடங்குக் காலம், ஆன்லைன் வகுப்பு, கையில் அம்மாவின் போன். நாற்பது ரூபாய்க்கான வங்கிச் செய்தியை யார் நின்று படிக்கிறார்கள்?

இப்படி நடந்துவிட்டால் பையனை அடிப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள். அடித்தால் அவன் மீதியை மறைப்பான். உங்களுக்கு அவன் சொல்லும் விவரம் வேண்டும். விளையாட்டுக்குள் இருக்கும் வாங்கிய பட்டியல், பிளே ஸ்டோர் ரசீது மின்னஞ்சல்கள், வங்கிச் செய்திகள் என எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளையாட்டை அழித்துவிடாதீர்கள், சாட்சியும் அதோடு போய்விடும்.

பிறகு பணம் திரும்பக் கேளுங்கள். பிளே ஸ்டோரில் வாங்கிய 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேட்க இணைய வசதி உண்டு. வீட்டுக் குழந்தை பெற்றோருக்குத் தெரியாமல் வாங்கியது என்பதையும் அங்கே சொல்லலாம். 48 மணி தாண்டினால், பெரும்பாலும் விளையாட்டை நடத்தும் நிறுவனத்திடம் கேட்கச் சொல்வார்கள். அப்படியும் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள். வீட்டில் யாருமே செய்யாத கட்டணம் என்றால் கூகுளிடம் தெரிவிக்க 120 நாள் வரை அவகாசம் உண்டு.

வங்கி விஷயத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியாள் ஒருவன் எடுத்த பணம் என்றால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பே கிடையாது என்கிறது 2017 ஜூலை 6ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்கவும் வேண்டும். போலி ஏ.பி.கே.யால் போன பணத்துக்கு இதைச் சொல்லிக் கேளுங்கள். கூடவே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு. ஆனால் பின் நம்பரை நீங்களே பகிர்ந்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் நேரம் வரையிலான இழப்பு உங்களுடையது. மகன் கட்டிய பணத்தை ஹேக்கர் எடுத்தான் என்று எழுதாதீர்கள். விசாரணையில் உண்மை வெளிவந்துவிடும். நியாயமான கோரிக்கையும் அதோடு கெட்டுப்போகும்.

நியாயமான கோரிக்கை என்றேன். அதற்கு அடிப்படை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 11ஆம் பிரிவுப்படி வயது வராதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியில்லாதவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று 1903இல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது. நம் நீதிமன்றங்கள் இன்றும் அதைப் பின்பற்றுகின்றன. 'கணக்கு பெற்றோருடையது, பின் நம்பரும் அவர்களுடையது' என்று நிறுவனம் எதிர்வாதம் செய்யும். அதனால் வெற்றி நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாங்கியவர் 18 வயது நிரம்பாதவர் என்பதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதி, பள்ளி அடையாள அட்டையையும் இணையுங்கள்.

வலை விரித்த விதத்தையும் புகாரில் சொல்லலாம். 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளரை ஏமாற்றிச் சம்மதிக்க வைக்கும் 13 திரைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடுக்கின்றன. பொய்யான அவசரம் காட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சிக்க வைப்பது, கேட்டதையே கேட்டுத் தொல்லைப்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. அமெரிக்காவில் இதே குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் போனது தெரியுமா? ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், 2022 டிசம்பரில் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 24.5 கோடி, குழப்பமான பொத்தான்களால் பணம் இழந்தவர்களுக்குத் திருப்பித் தர. அங்கே பெற்றோர் புகார் எழுதினார்கள்.

நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் அடுத்த வாசல்கள் உண்டு. மின்வணிக விதிகளின்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய சலுகை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பது. விளையாட்டு நிறுவனங்கள் இருக்கும் சிங்கப்பூருக்கோ சியோலுக்கோ போக வேண்டாம், எர்ணாகுளம் போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கோ சேவைக்கோ கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வீட்டிலிருந்தே பதிவு செய்ய இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது.

படியில் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கும் இரண்டு வார்த்தை. பாதி விலைக்கு யூ.சி. போட்டுத் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வரும் அண்ணன் பெரும்பாலும் ஐ.டி.யும் பாஸ்வேர்டும்தான் கேட்பார். கொடுத்தால் கணக்கே போகும். ஐம்பது ரூபாய் கட்டு, ஒரு கில்லுக்கு இவ்வளவு என்று நடக்கும் ரூம் மேட்ச் இன்னும் மோசம். பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும் உண்டு. முறையாகப் பதிவு பெற்ற இ-ஸ்போர்ட்ஸ் போட்டி வேறு. தெருமுனை ரூம் மேட்ச் வேறு. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: காசு கொடுத்து வாங்கிய ஸ்கின் உங்கள் சொத்து ஆகிவிடாது. விளையாட்டு நடக்கும் வரை பயன்படுத்த மட்டுமே அனுமதி. 2022 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, மறு ஆண்டு மே மாதம்தான் திரும்பி வந்தது. பழைய ஃப்ரீ ஃபயர் இன்றுவரை தடையில்தான் இருக்கிறது.

பெற்றோர் இன்றே செய்யக்கூடியது: பிளே ஸ்டோர் அமைப்புகளில் 'ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்ட் கேள்' என்பதை இயக்குங்கள். பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து ஃபேமிலி லிங்க்கில் இணைத்தால், வாங்கும் முன் உங்களிடம் அனுமதி கேட்கும். யூ.பி.ஐ. பின் நம்பரை மாற்றுங்கள். மகன் ஏற்கெனவே பார்த்து வைத்திருப்பான். பையன் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, போனைப் பிடுங்கினால் கை ஓங்குகிறான் என்ற நிலை வந்திருந்தால், கேரள காவல்துறையின் டி-டாட் மையம் கொச்சியில் இருக்கிறது. பிள்ளைகளின் டிஜிட்டல் அடிமைப் பழக்கத்துக்கு ஆலோசனை தரவே அது தொடங்கப்பட்டது. அங்கே போனால் வழக்குப் போடமாட்டார்கள்.

இந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் பல, புகார் என்றாலே மலையாளத்தில் எழுத வேண்டுமே, ஆங்கிலத்தில் பேச வேண்டுமே என்று பின்வாங்கிவிடுகின்றன. 1915 பதினேழு மொழிகளில் பேசுகிறது. அதில் தமிழும் உண்டு.