சைக்கிளில் தனுஷ்கோடி!

"இந்த வயதில் சைக்கிளா? அதுவும் தீவிலா?" என்று வீட்டில் சிரிக்கிறார்களா? சிரிக்கட்டும்! 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். நமக்கென்ன தயக்கம்?

வழிகாட்டியோடு கூட்டமாகச் சென்று வர ராமேசுவரம் தீவு அருமையான இடம். 2017-ல் திறந்த சாலை, இருபுறமும் கடல் சூழ, அரிச்சல்முனை வரை செல்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் மாதா கோவில் சுவர்கள் வழியிலேயே நிற்கின்றன. ராமேசுவரத்திலிருந்து போய்வர ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

சமதரைதானே என்று ஏமாந்துவிடாதீர்கள். மேடு இல்லாத குறையைக் காற்று தீர்த்து வைக்கும்! நிழலும் அபூர்வம். ஆகவே பழகுவதும் வெட்டவெளியிலேயே இருக்கட்டும். பெரம்பலூர் மாவட்டத்து எறையூர்ப் பெண்களுக்கு வயல்வெளிச் சாலை வாசலிலேயே இருக்கிறது. ஆனால் அரவைக் காலத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகளிடம் ஜாக்கிரதை!

முதல் வாரம் தினம் 5 கிலோமீட்டர் போதும். வாரா வாரம் சிறிது கூட்டி, ஆறாவது வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள் 30 கிலோமீட்டர் மிதித்துப் பாருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகால் அதைத் தொட்டு, முழங்கால் நிமிர வேண்டும். அதுவே சீட்டின் சரியான உயரம். தொப்பி, தண்ணீர், உப்புக் கலந்த எலுமிச்சை ரசம் அவசியம். உப்புக் காற்று சங்கிலியைத் துருப்பிடிக்கச் செய்யும். திரும்பியதும் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டு, வழிகாட்டியிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும். பின்தங்கினால் வெட்கமில்லை. தலைசுற்றலைச் சொல்லாமல் சமாளிப்பதுதான் ஆபத்து!