வீதியில் வாழும் பெண்ணும் விடாத புகையும்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மத்தியில், ஸ்கிட் ரோ என்று வழங்கும் வீதிகளின் நடைபாதையில் துணிக்கூடாரம் கட்டிக் காலந்தள்ளும் பெண்களைக் கண்டு, இவர்களுக்கு வேண்டியது சோறும் கூரையுமன்றிப் புகையை விடும் போதனையா என்று கேட்பவர் உண்டு. ஆயினும், அமெரிக்காவில் வீடற்ற வயது வந்தோரில் ஏறக்குறைய 70 முதல் 80 சதவீதம் பேர் புகைபிடிப்பவர் என்பதையும், அவர்களுடைய ஆயுளைக் குறுக்கும் இருதய நோய்க்கும் புற்றுநோய்க்கும் அப்பழக்கம் முக்கிய காரணம் என்பதையும் அறிந்தவர், வீடு கிடைக்கும்வரை வைத்தியம் பொறுத்திருக்கட்டும் என்று சொல்லத் துணியார்.

புகையில் தேடும் ஆறுதல்

இரவெல்லாம் விழித்திருந்து தன் உடலையும் உடைமையையும் காத்துக்கொள்ள வேண்டியவளுக்குச் சிகரெட், பசியை மந்தமாக்கும் மருந்தாகவும், முன்பின் அறியாதவரோடு சிநேகங்கொள்ளும் வழியாகவும், பயத்தை மறப்பிக்கும் துணையாகவும் அமைந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆறுதலில் பெரும்பகுதி, இரத்தத்தில் நிகோடின் குறைந்ததால் எழுந்த படபடப்பை அடுத்த சிகரெட் தணிப்பதேயன்றி, மனக்கவலைக்குப் பரிகாரமன்று.

பெண்ணுடலுக்கு நேரும் தீங்கு

புகை, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஏதுவாகிறது; கர்ப்பிணியின் சிசுவை எடை குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறக்கச் செய்கிறது. தரையில் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கிப் புகைப்பதும், ஒரே சிகரெட்டைப் பலர் பகிர்வதும் தொற்றுநோய்க்கு வழி திறக்கின்றன. பெண்ணுடல், விசேஷமாகக் கர்ப்ப காலத்தில், நிகோடினை விரைவில் கரைத்துவிடுவதால் தவிப்பும் சீக்கிரமே திரும்புகிறது.

சிகிச்சை அவளைத் தேடிச் செல்லட்டும்

தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோடு நிகோடின் சூயிங்கமும் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட அதிகப் பலனளிக்கும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்டே உபயோகிக்க வேண்டும். கைப்பை களவு போகக்கூடிய வாழ்க்கையில் இவற்றை வாரந்தோறும் சிறுகச் சிறுகக் கொடுப்பதே விவேகம். கைத்தொலைபேசி நிலையாக இல்லாதவளைத் தொலைபேசி ஆலோசனையை மட்டும் நம்பச் சொல்லாமல், 1978 முதல் பெண்களுக்கென்றே ஸ்கிட் ரோவில் நடந்துவரும் டவுன்டவுன் விமன்ஸ் சென்டர் போன்ற, அவள் அச்சமின்றி நுழையும் இடங்களிலேயே வைத்தியம் கிடைக்கச் செய்ய வேண்டும்.

தவறினால் மீண்டும்

மினியாபொலிஸ் பிரதேசத்தில் வீடற்ற 430 பேருக்கு எட்டு வாரம் நிகோடின் பட்டை கொடுத்து நடத்தி 2013-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழிந்தபின் புகையை விட்டிருந்தவர் பத்தில் ஒருவருக்கும் குறைவே. இது அவர்களுடைய மனவுறுதியின் குறையன்று. எட்டு வாரத்து மருந்து போதாதென்பதற்கே சாட்சி. ஆகவே, மறுபடி புகைத்துவிட்டு வெட்கத்தோடு வருபவளைக் கடிந்து பேசாமல் மறுவாரத்துப் பட்டையை அவள் கையில் கொடுக்கும் பொறுமையே இச்சிகிச்சையின் ஜீவநாடி.