சில்லை விடாத பிரேக்

கொழும்பில் பழைய கார்கள் அதிகம் ஓடுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டினோம். ஆனால் அந்தக் கார்களின் பிரேக்கை யார் பார்த்தார்கள்? வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் கேட்கப்படும் புகைப் பரிசோதனை, புகையை மட்டுமே அளக்கிறது. அந்தச் சான்றிதழ் கையில் இருப்பதால் பிரேக் நன்றாயிருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்.

காலி வீதி நெரிசலில் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் கார் இழுபடுகிறதா? ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்து, கருகிய மணமும் வந்தால் அங்கே பிரேக் விடவில்லை. "வீடு வரைக்கும்தானே" என்று ஓட்டாதீர்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கலாம். அந்த அனலில் ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை இறங்கிவிடும், கார் நிற்காது.

கராஜில் பலர் ஏமாறுவது இதற்குப் பிறகுதான். "கலிப்பர் போச்சு, மாற்ற வேணும்" என்பார்கள். மாற்ற முன், சில்லை ஜாக்கில் தூக்கி, கலிப்பரில் எயார் எடுக்கும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்திக் காட்டச் சொல்லுங்கள். ஒயில் பீறிட்டு வந்து சில்லு உடனே சுழன்றால் கலிப்பரில் பிழை இல்லை. அழுத்தம் மேலே அடைபட்டிருக்கிறது. ஒரே சில்லு என்றால் பெரும்பாலும் ரப்பர் ஹோஸ்: வெளியே நன்றாயிருக்கும், உள்ளே வீங்கி ஒயிலைத் திரும்ப விடாது. பல சில்லுகள் ஒன்றாகப் பிடித்தால் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். யாராவது பிரேக் ஒயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஒயில் ஊற்றியிருந்தாலும் ரப்பர் எல்லாம் வீங்கி இப்படியே ஆகும். நிப்பிளைத் தளர்த்தியும் சில்லு அசையாவிட்டால்தான் பிஸ்டனோ, கலிப்பர் நகரும் பின்களோ துருப்பிடித்திருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் ஓரம் நிறுத்தும் கார்களுக்கு உப்புக் காற்றால் இது விரைவில் வரும். மழைக்குப் பிறகு பின்சில்லு மட்டும் பிடித்தால் முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளைப் பாருங்கள். பழைய பிரேக் தூசியை எயார் அடித்து ஊத விடாதீர்கள், அதில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

பஞ்சிகாவத்தையில் பாகம் வாங்கினால், அது புதியதா, பாவித்ததா என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. திருத்த வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ள உத்தரவாதம். கராஜில் கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள், பிறகு பேச்சு வந்தால் அதுவே சாட்சி.

திருத்திய பிரேக் மறுபடியும் பிடித்தால், முதலில் அதே கராஜுக்கு எழுத்தில் கொடுங்கள். அவர்கள் கையை விரித்தால் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் அழைத்ததோடு நின்றுவிடாதீர்கள். முறைப்பாடு எழுத்தில், பொருளை வாங்கியோ வேலை செய்வித்தோ மூன்று மாதங்களுக்குள் போய்ச் சேர வேண்டும். தமிழிலேயே எழுதலாம்; அரச நிறுவனங்களோடு தமிழில் தொடர்புகொள்வது அரசியலமைப்பு தந்த உரிமை. பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள், மூலத்தை உங்களிடமே வைத்திருங்கள்.