மோதிர விரலின் சாட்சி

கை மரத்துப்போகிறது என்றதும் நம் சந்தேகம் கழுத்தின் மேல்தான் விழுகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ‘தேய்மானம்’ என்று எழுதி வருகிறது. அன்றே கழுத்துப் பட்டை வாங்கிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை மதிப்புக் கொடுக்கலாமா? ஜப்பானில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேரின் கழுத்தைப் படமெடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான அந்த ஆய்வில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்தெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலானோருக்கு அப்படித்தான். வலியே இல்லாதவரிடமும் இருக்கும் ஒன்றை வலிக்குக் காரணம் என்று சொல்ல வேறு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் பெரும்பாலும் கையிலேயே கிடைக்கிறது.

கழுத்திலிருந்து விரல்வரை ஓடும் நரம்பு வழியில் எங்கே நசுங்கினாலும் முறையிடுவது விரல்தான், குழப்பமே அதனால்தான். கழுத்தின் ஆறாம் நரம்பு வேர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும், ஏழாம் வேர் நடுவிரலுக்கும் உணர்வு தருகிறது. மணிக்கட்டில் நசுங்கும் மீடியன் நரம்புக்கும் இதே மூன்று விரல்கள்தாம் எல்லை. கூடவே மோதிர விரலில் பாதி. இந்தப் பாதியைக் கவனிக்க வேண்டும். மோதிர விரலில் நடுவிரல் பக்கம் மட்டும் மரத்து, சுண்டுவிரல் பக்கம் தெளிவாக இருந்தால் கோளாறு மணிக்கட்டில் இருக்கவே வாய்ப்பு அதிகம். வேர் நசுங்கினால் ஒரே விரல் இப்படி இரண்டாகப் பிரிவது அரிது. நள்ளிரவில் மரத்து எழுப்புவதும், கையை உதறினால் தணிவதும் மணிக்கட்டின் குணம். தலையை அண்ணாந்து வலிக்கும் பக்கம் சாய்த்தால் கைக்குள் சுரீரென்று இறங்குவதும், தோள்பட்டை எலும்போரம் குடைவதும், கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் இதமாவதும் கழுத்தின் குணம்.

இரண்டு இடத்திலும் கோளாறு இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இருக்கலாம். அப்டன், மெக்கோமஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1973-இல் மணிக்கட்டிலோ முழங்கையிலோ நரம்பு நசுங்கிய 115 பேரைச் சோதித்து, 81 பேருக்குக் கழுத்திலும் பாதிப்பின் அடையாளம் இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்று மற்றதை வளர்க்கிறது என்ற அவர்களின் விளக்கம் இன்றும் விவாதத்தில்தான் இருக்கிறது. அதை ஏற்றாலும் இப்போது தொல்லை தருவது எது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நரம்பின் மின்னோட்டச் சோதனை உதவுவது அங்கேதான். மணிக்கட்டு அழுத்தத்தில் உணர்வுச் சமிக்ஞை அந்த இடத்தில் தாமதமாகும். கழுத்து வேர் நசுங்கினால், கை மரத்திருந்தும் அந்தச் சமிக்ஞை பெரும்பாலும் இயல்பாகவே வரும்; உணர்வு நரம்பணுக்கள் நசுங்கும் இடத்துக்கு வெளியே இருப்பதே காரணம்.

உடனே படம் எடுக்காமல் காத்திருந்தால் ஆபத்தைத் தவறவிட மாட்டோமா என்ற அச்சமும் நியாயமானதே. சட்டைப் பொத்தான் போடத் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க முடியாமை என்று வந்தால் தண்டுவடமே நசுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். அப்போது விரல் கணக்கெல்லாம் வேண்டாம்; தாமதமின்றி எம்.ஆர்.ஐ. எடுத்துவிட வேண்டும்.