லடாக்கின் குளிர்கால வாசல்: கட்டணத்துக்கு வரம்பு வேண்டாமா?

தில்லியிலிருந்து லடாக்கின் லே நகருக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரப் பயணம்தான். சாலை வழியே செல்வதென்றால் ஸ்ரீநகர் மார்க்கத்தில் சுமார் 3,500 மீட்டர் உயரமுள்ள ஜோஜிலா கணவாயையும், மணாலி மார்க்கத்தில் அதைவிட உயரமான கணவாய்களையும் கடக்க வேண்டும். கடும் பனி பெய்தால் இரு வழிகளும் அடைபட்டுவிடும். முன்பு பல மாதங்கள் மூடிக் கிடந்த ஜோஜிலாவை எல்லைச் சாலைகள் அமைப்பு அண்மை ஆண்டுகளில் விரைவாகவே திறந்துவிடுகிறது. 13 கி.மீ. நீளமுள்ள சுரங்கப்பாதைப் பணியும் அங்கு தொடங்கப்பட்டுள்ளது. ஆயினும், கணவாய் மூடியிருக்கும் நாள்களில் அறுவை சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கும், தேர்வுக்குச் செல்லும் மாணவருக்கும் லே விமான நிலையம் ஒன்றே வாசல்.

இந்த விமான நிலையம் போர்க்காலத்தில் பிறந்தது. 1948-ஆம் ஆண்டு ஊடுருவல்காரர்கள் லே நகரை நெருங்கியபோது, லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சோனம் நோர்புவின் மேற்பார்வையில், உள்ளூர் மக்களின் உழைப்பில் அவசரமாக ஓர் ஓடுபாதை உருவானது. அவ்வாண்டு மே 24-ஆம் தேதி, மேஜர் ஜெனரல் திம்மய்யாவுடன் டகோட்டா விமானத்தை அதில் இறக்கினார் ஏர் கமடோர் மெஹர் சிங். பின்னர் விமானங்களில் வந்திறங்கிய படையினரால் லே காப்பாற்றப்பட்டது. 1967, 1971 தேர்தல்களில் லடாக்கிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும், மங்கோலியாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றியவருமான குஷோக் பகுலா ரின்போச்சேயின் பெயர் 2005-ஆம் ஆண்டு இந்த நிலையத்துக்குச் சூட்டப்பட்டது.

கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கு விமானம் இயக்குவது எளிதன்று. காற்றின் அடர்த்தி குறைவு. எனவே புறப்படும் விமானம் முழுச் சுமையுடன் மேலெழ இயலாது. பிற்பகலில் மலைக்காற்று வலுப்பதால் பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலை வேளையிலேயே வந்து செல்கின்றன. ஓடுபாதையோ விமானப் படையின் பொறுப்பில் உள்ளது. வெப்பம் மிகுந்தாலும் சிக்கல்தான்: 2024 ஜூலை இறுதியில் வெப்பநிலை உயர்ந்ததால் விமானங்கள் ரத்து செய்யப்பட்டன.

கட்டணப் பிரச்னையை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். தேவை அதிகரித்தால் கட்டணம் உயரும். கட்டணம் உயர்ந்தால் கூடுதல் விமானங்கள் வரும். பிறகு கட்டணம் தானே குறையும் என்பது சந்தை ஆதரவாளர்களின் வாதம். மும்பைக்கும் பெங்களூருக்கும் இது பொருந்தலாம். காலைப் பொழுதின் சில மணி நேரமே திறந்திருக்கும் ஓடுபாதையில், நினைத்தவுடன் கூடுதல் விமானங்களை இயக்க யாராலும் முடியாது. சுமார் ரூ.480 கோடியில் திட்டமிடப்பட்ட புதிய முனையத்துக்கு 2019 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். முனையம் பெரிதாவதால் மட்டும் ஓடுபாதையின் நேரம் நீண்டுவிடாது.

சட்டத்தில் இதற்கு வழியே இல்லையா? 1994-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள வழித்தடப் பகிர்வு விதிகளின்படி, லாபம் தரும் பெருநகர வழித்தடங்களில் இயக்கும் விமான நிறுவனங்கள், அந்தத் திறனில் குறிப்பிட்ட விழுக்காட்டை வடகிழக்கு மாநிலங்கள், காஷ்மீர், லடாக், அந்தமான், லட்சத்தீவுகள் போன்ற பகுதிகளுக்கும் ஒதுக்க வேண்டும். ஆனால், இருக்கைகளுக்கு விதி வகுத்த அரசு, கட்டணத்துக்கு வகுக்கவில்லை. 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 135-ஆவது விதி, "நியாயமான" கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கலாம் என்கிறது. எது நியாயம் என்பதுதான் கேள்வி.

கட்டணத்தில் தலையிடவே முடியாது என்று அரசு கூறவும் இயலாது. கரோனா காலத்தில், 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை உள்நாட்டுக் கட்டணங்களுக்கு உச்சவரம்பு இருந்தது. 2025 டிசம்பரில் விமானச் சேவை நெருக்கடியின்போதும் தற்காலிக வரம்பு விதிக்கப்பட்டது. குறிப்பிட்ட வழித்தடங்களுக்கு உச்சவரம்பு விதிப்பது குறித்துப் பரிசீலிக்க வேண்டும் என்று போக்குவரத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2024-இல் பரிந்துரைத்துள்ளது. அதைச் செயல்படுத்திப் பார்க்க லேயைவிடப் பொருத்தமான வழித்தடம் கிடைப்பது அரிது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி லடாக்கில் வசிப்போர் 2.74 லட்சம் பேர். 2019-இல் யூனியன் பிரதேசமானபோது அதற்குச் சட்டப்பேரவை வழங்கப்படவில்லை. பரப்பளவில் நாட்டின் மிகப் பெரிய மக்களவைத் தொகுதியான அதற்கு, 543 பேர் கொண்ட அவையில் இருப்பது ஒரே ஓர் உறுப்பினரின் குரல். வாக்கு எண்ணிக்கையைக் கணக்கிட்டால் எந்தக் கட்சிக்கும் இது பெரிய பிரச்னையாகத் தோன்றாது.

கேட்பதும் பெரிதல்ல: சாலை மூடியிருக்கும் மாதங்களிலாவது, லடாக் வாழ் மக்களுக்கு ஓர் உச்சவரம்பு. 1948-இல் நாட்டின் பாதுகாப்புக்காக அந்த ஓடுபாதையை அமைத்துக் கொடுத்தவர்கள் அவர்களே. அங்கிருந்து புறப்படும் விமானத்தில் அவர்கள் தாங்கக்கூடிய கட்டணத்தில் ஏற வகை செய்வது அரசின் கடமை.