பல்லுக்கு ஓய்வு தரும் சாப்பாடு

காலையிலும் இரவிலும் தவறாமல் பல் துலக்குகிறவர்களுக்கும் சொத்தை விழுகிறது. "பேஸ்ட்டை மாத்திப் பார்க்கலாமா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எழுந்தது முதல் படுக்கும்வரை வாயில் எத்தனை தடவை இனிப்பு படுகிறது? எத்தனை கரண்டி என்பது இதற்கு அடுத்த கேள்விதான். பல்லுக்கான உணவு என்றதும் கால்சியத்தில் தொடங்குவது வழக்கம். கால்சியத்துக்கும் வருவோம். ஆனால் நாள் முழுக்க இனிப்பில் ஊறும் வாயை எந்தக் கீரையாலும் காப்பாற்ற முடியாது.

வாய்க்குள் நடப்பது

பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது உப்பு. ஆனால் அதில் உயிரணு கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் மூடும். எனாமல் உடைந்து போனால் மறுபடி முளைக்காது.

பல்லின் மேல் படியும் மெல்லிய படலத்தில் கிருமிகள் குடியிருக்கின்றன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் அவற்றில் முக்கியமானது. நாம் சாப்பிடும் சர்க்கரையை அது சில நிமிடங்களில் அமிலமாக்கிவிடும். வாயின் அமில அளவான பி.எச். சாதாரணமாக 7-ஐ ஒட்டி இருக்கும். அது 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது உப்பு கரையத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் அமிலத்தை நீர்க்கச் செய்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டு கரைந்த இடத்தைச் சரிக்கட்டும். வாய் பழைய நிலைக்குத் திரும்ப அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். ராபர்ட் ஸ்டீபன் என்ற ஆய்வாளர் 1940-களிலேயே இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து காட்டிவிட்டார்.

இப்போது நம் நாளைப் பாருங்கள். காலை காபி, பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், நாலு மணிக்கு மறுபடி டீ, நடுவில் யாரோ நீட்டிய மிட்டாய், ராத்திரி சர்க்கரை போட்ட பால். மூன்று வேளைச் சாப்பாடு இதில் சேரவில்லை. ஒவ்வொரு தடவையும் எனாமல் கொஞ்சம் கரைகிறது. உமிழ்நீர் வேலையை முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இந்தக் கணக்கில் தோற்றுப்போன இடத்தில்தான் குழி விழுகிறது.

இதற்குச் சான்று தந்த பழைய ஆய்வு ஒன்று சுவீடனில், லுண்ட் நகரத்தின் விபேஹோல்ம் மனநலக் காப்பகத்தில் நடந்தது. 1940-களின் நடுவில் தொடங்கிய அந்த ஆய்வின் முடிவு 1954-ல் வெளியானது. சாப்பாட்டோடு சர்க்கரை பானம் குடித்தவர்களுக்குச் சொத்தை அவ்வளவாகக் கூடவில்லை. சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே பல்லில் ஒட்டும் டாஃபியைத் தின்றவர்களுக்குத்தான் வெகுவாகக் கூடியது. சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாத நோயாளிகளின் பற்களைக் கெடுத்துப் பெற்ற அறிவு அது. செய்திருக்கவே கூடாத ஆய்வு. அவர்கள் கொடுத்த விலைக்காகவாவது அதன் பாடத்தை நாம் மதிக்க வேண்டும்.

கருப்பட்டி போட்டால் பரவாயில்லையா?

வெள்ளைச் சர்க்கரையை விட்டுவிட்டு நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறியவர்கள் பல்லுக்கும் நல்லது செய்துவிட்டதாக நம்புகிறார்கள். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்பு இருப்பது உண்மை. ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். வாயிலுள்ள கிருமிக்கு அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்பது ஒரு பொருட்டே இல்லை. தேனும் அப்படித்தான்.

காரப் பண்டங்களும் தப்பவில்லை. சிப்ஸ், மிக்சர், பிஸ்கட் துணுக்குகள் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதிலுள்ள மாவுச்சத்தை உமிழ்நீரே சர்க்கரையாக உடைக்கும். சாக்லேட் சீக்கிரம் கரைந்து போகிறது. பல்லில் அப்பிக்கொள்ளும் கிரீம் பிஸ்கட்டைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் தந்த வழிகாட்டுதல், தனியாகச் சேர்க்கும் சர்க்கரை நம் ஆற்றல் தேவையில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஐந்து சதவீதம் என்பது பெரியவர்களுக்கு ஏறக்குறைய 25 கிராம். இரண்டு கரண்டி சர்க்கரை போட்ட டீ மூன்று குடித்தாலே அது முடிந்துவிடும். டீயை விடச் சொல்லவில்லை. சர்க்கரையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இனிப்பு வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். அப்போது உமிழ்நீர் நன்றாகச் சுரக்கும், கூடுதலாக ஒரு தாக்குதலும் சேராது. மற்ற நேரத்துத் தாகத்துக்குத் தண்ணீரோ மோரோ போதும்.

மோர்சோற்றில் முடியும் சாப்பாடு

கடைசியில் தயிரோ மோரோ ஊற்றிச் சாப்பிட்டு முடிக்கும் நம் வழக்கம் பல்லுக்கு மிக ஏற்றது. பால் பொருட்களில் உள்ள கால்சியம், பாஸ்பேட், கேசின் என்ற புரதம் மூன்றும் எனாமல் கரைவதைத் தடுக்க உதவுகின்றன. தயிர் புளித்திருந்தாலும் அதிலுள்ள கால்சியம் பல்லைக் காக்கிறது. அந்த மோர்சோற்றை விட்டுவிட்டு குளிர்பானத்தோடு சாப்பாட்டை முடிப்பது பெரிய இழப்பு. கோலா பானங்களின் பி.எச். 2.5-ஐ ஒட்டி இருக்கும். சர்க்கரை இல்லாத கோலாவும் எனாமலை அரிக்கும்.

கால்சியத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம். அதே அளவு பாலில் 120 மட்டுமே. கேழ்வரகிலுள்ளது முழுவதும் உடம்பில் சேராது என்றாலும் கூழோ களியோ தோசையோ வாரத்தில் சில நாள் இருக்கட்டும். எள், முருங்கைக்கீரை, முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எல்லாமே நல்லவை. முளைத்துவிட்ட பல்லின் எனாமலுக்கு ரத்தத்தின் வழியே கால்சியம் போய்ச் சேராது. பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்புக்குத்தான் அது தேவை. எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கோ நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலம் அது. அவர்கள் தட்டில் பாலும் கேழ்வரகும் முட்டையும் குறையக்கூடாது. வெயிலில் விளையாடவும் விட வேண்டும், வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது.

ஈறுக்கு நெல்லியும் கொய்யாவும்

ஈறின் தசை கொலாஜன் என்ற நாரால் ஆனது. அதைக் கட்ட வைட்டமின் சி வேண்டும். நெடுங்கடல் பயணம் போன மாலுமிகளுக்கு ஈறு வீங்கி, ரத்தம் வடிந்து, பல் கழன்று விழுந்த ஸ்கர்வி நோயை ஆரஞ்சும் எலுமிச்சையும் குணமாக்குவதை 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் கண்டார். நமக்கு நெல்லிக்காயும் கொய்யாவும் இருக்கின்றன. இரண்டிலும் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. கொய்யாவைக் கடித்து மென்று தின்பதால் உமிழ்நீரும் பெருகும். எலுமிச்சையைப் பல்லில் தேய்ப்பது மட்டும் வேண்டாம், அந்தப் புளிப்பு எனாமலை அரித்துவிடும். புளிப்பு சாப்பிட்டதும் வாயைக் கொப்பளித்துவிட்டு, அரை மணி கழித்தே பிரஷ்ஷை எடுங்கள்.

ஈறில் ரத்தம் வந்தாலே சத்துக்குறைவு என்று மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். இன்று பெரும்பாலும் காரணம், பல்லில் படிந்து இறுகிய காரைதான். அதை மருத்துவர் சுத்தம் செய்தால்தான் ஈறு ஆறும். சர்க்கரை நோயாளிகள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ரத்தச் சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும்.

வெற்றிலையோடு பாக்கு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. இதில் அளவு என்று பேச இடமில்லை, விட்டுவிடுங்கள்.

பிள்ளைகளின் டப்பா

"பால் பல்தானே, எப்படியும் விழத்தானே போகுது" என்று விட்டுவிடும் பெற்றோர் நிறைய. கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. அவை சொத்தையானால் பிள்ளை மெல்ல முடியாமல் சாப்பாட்டையே குறைக்கும். முன்னதாகப் பிடுங்கினால் அடுத்து வரும் பல் இடம் மாறி முளைக்கும். சர்க்கரை கலந்த பால் பாட்டிலை வாயில் வைத்துத் தூங்கவைப்பது எல்லாவற்றிலும் கொடியது. தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவு, அதனால் மேல் வரிசை முன்பற்கள் ஒவ்வொன்றாகப் பழுப்பேறி உதிரும். பாலைச் சர்க்கரை இல்லாமல் முன்கூட்டியே கொடுத்து, பல்லைத் துலக்கிவிட்டுப் படுக்க வையுங்கள். இனிப்பான மருந்து சிரப் கொடுத்தபிறகும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுங்கள்.

பள்ளிக்கு அனுப்பும் டப்பாவில் கிரீம் பிஸ்கட்டுக்குப் பதிலாகச் சுண்டல், அவித்த வேர்க்கடலை, வெள்ளரிப் பிஞ்சு, தேங்காய்ச் சில்லு, அவித்த முட்டை, கொய்யா என்று மாற்றி மாற்றி வைக்கலாம். செலவும் ஒன்றும் கூடிவிடாது.

குடிக்கிற தண்ணீர்

அளவான ஃபுளோரைடு எனாமலை உறுதியாக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இந்தச் சிக்கல் இருந்ததால்தான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரைவிடக் குழாயில் வரும் காவிரி நீரையே குடிக்கக் கொடுங்கள்.

பல் கூச்சமோ ஈறில் ரத்தமோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உணவை மட்டும் மாற்றிக்கொண்டு காத்திருக்காதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல் மருத்துவப் பிரிவு இருக்கிறது. வலி வருவதற்கு முன்பே போய்க் காட்டுங்கள். சின்னக் குழியாக இருக்கும்போதே அடைத்துவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டிய நிலை வராது.